கிடைக்காத பரிசுக்குக் கட்டும் வரி

போலி லாட்டரியில் யாராவது ஏமாந்த செய்தி வந்தால் நம் வீடுகளில் இரண்டு வாக்கியங்கள் தயாராக இருக்கும். ‘பேராசை பெருநஷ்டம்’ என்பது ஒன்று. ‘படிச்சவங்களே இப்படியா?’ என்பது இன்னொன்று. நானும் சொன்னவன்தான். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியரான என் பெரியப்பா எதிரில் உட்கார்ந்திருந்தார். பேப்பரில் அப்படியொரு செய்தியைப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் பதில் பேசாமல் எழுந்துபோய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். அப்போதே அவர் இரண்டு தவணை கட்டியிருந்தார் என்பது எனக்குத் தெரிய நான்கு மாதம் ஆனது.

அவருக்கு வந்தது தபாலில் ஒரு கவர். பிரபலமான ஓர் ஆன்லைன் கடையின் பெயர் அச்சடித்த கடிதம், வட்ட முத்திரை, ஒரு சுரண்டல் அட்டை. சுரண்டினால் ‘கார் அல்லது ரூ.12,60,000 ரொக்கம்’. முதலில் பதிவுக் கட்டணம் என்று 6,500 ரூபாய். அடுத்து ஜிஎஸ்டி என்று 21,000. அப்புறம் ‘ஆர்பிஐ கிளியரன்ஸ்’ என்று 38,000. ஆக 65,500. பால் கணக்கில் இரண்டு ரூபாய் இடித்தால்கூட நோட்டை எடுத்துவந்து சரிபார்க்கிற மனிதர் அவர். வாழ்க்கையில் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்கியதில்லை. பேராசை என்ற ஒற்றைச் சொல் அவர் விஷயத்தில் எனக்கு எதையும் விளக்கவில்லை. அதனால்தான் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

லாட்டரி வெறும் மேலுறை

இந்த மோசடியில் லாட்டரியே கிடையாது. குலுக்கல் இல்லை, சீட்டு இல்லை, பரிசும் இல்லை. இருப்பது ஒரே ஒரு பொருள்: கட்டணம். பெரிய தொகை வரப்போகிறது என்று காட்டி, அதை விடுவிக்க முதலில் ஒரு சின்னத் தொகையைக் கேட்பது. இதற்கு முன்பண மோசடி என்று பெயர்.

சின்னத் தொகை கட்டிவிட்டுப் பெரிய காரியத்துக்குக் காத்திருப்பது நமக்குப் புதிதா? வீடு பார்த்தால் டோக்கன் அட்வான்ஸ். கல்யாண மண்டபத்துக்கு முன்பணம். வங்கியில் வீட்டுக் கடன் கேட்டால், கடன் கைக்கு வரும் முன்பே செயலாக்கக் கட்டணம். பத்திரப் பதிவுக்குப் போனால் முத்திரைத்தாள் செலவு. எழுபது வயது மனிதர் ஒருவர் ஆயுள் முழுக்க இப்படித்தான் காரியம் முடித்திருக்கிறார். பரிசு கொடுக்கவும் ஏதோ ‘ஃபார்மாலிட்டி’ இருக்கும் என்று அவர் நினைப்பது முட்டாள்தனம் அல்ல, அனுபவம். மோசடிக்காரன் அந்த அனுபவத்தின் மேல்தான் ஏறி நிற்கிறான்.

மேலுறை மட்டும் காலத்துக்குக் காலம் மாறும். ஸ்பெயின் நாட்டுச் சிறையில் ஒரு செல்வந்தர் அடைபட்டிருக்கிறார், அவரை மீட்கப் பணம் அனுப்பினால் சொத்தில் பங்கு என்று 19ஆம் நூற்றாண்டில் கடிதங்கள் வந்தன. பின்னால் நைஜீரிய இளவரசர் மின்னஞ்சல்கள் வந்தன. அந்த வகை மோசடிக்கு ‘419’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதே நைஜீரியக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணால்தான். நம் ஊரில் இரிடியக் கலசம்: இரிடியம் விற்ற கோடிகள் ரிசர்வ் வங்கியில் முடங்கியிருக்கிறது, கொஞ்சம் பணம் கட்டினால் பங்கு வரும் என்பார்கள். வாட்ஸ்அப்பில் ‘கோன் பனேகா குரோர்பதி’ பெயரில், உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் விழுந்திருக்கிறது என்று குரல் பதிவாக வருவதும் இதே சரக்குதான். அவற்றில் பல +92 என்று தொடங்கும் எண்களிலிருந்து வந்தன. அது பாகிஸ்தானின் நாட்டு எண்.

ஆக, பரிசு எவ்வளவு, கொடுப்பது யார், கடிதம் அசலா என்பதையெல்லாம் ஆராய வேண்டியதில்லை. பணம் எந்தத் திசையில் போகிறது என்று மட்டும் பார்த்தால் போதும்.

போர்வெல் கணக்கு

சரி, 6,500 ரூபாய் போனதும் ஒருவர் நிறுத்தியிருக்க வேண்டாமா? எல்லோரும் கேட்கும் கேள்வி இது. போர்வெல் போட்ட வீட்டுக்காரர்களுக்கு இதன் பதில் தெரியும்.

முந்நூறு அடி போட்டாகிவிட்டது, புகைதான் வருகிறது. வண்டிக்காரர் சொல்கிறார்: ‘ஈரம் தட்டுதுங்க, இன்னும் ஐம்பது அடி போனா கிடைச்சுடும்.’ இந்த இடத்தில் யாரும் தண்ணீர் மேல் உள்ள ஆசையால் மட்டும் தலையாட்டுவதில்லை. நிறுத்தினால் முந்நூறு அடிக்குக் கொடுத்த பணம் மண்ணோடு போகும் என்ற பயம்தான் தலையாட்ட வைக்கிறது. முந்நூற்று ஐம்பதில் அதே பயம் இன்னும் பெரிதாகும். பொருளாதாரக்காரர்கள் இதை மூழ்கிய செலவு என்பார்கள்: திரும்பி வராது என்று தெரிந்தும், அடுத்த முடிவை வளைக்கிற பழைய செலவு.

முதல் கட்டணம் சிறியதாக இருப்பதன் காரணம் இப்போது புரியும். அது மோசடியின் லாபமே அல்ல, தூண்டில் முள். முதல் தவணையில் இருப்பது ஆசை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டாவதிலிருந்து நடப்பது முழுக்க முழுக்கப் போட்டதை மீட்கும் முயற்சி. பெரியப்பா பின்னால் சொன்னார்: “காரும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னுதான் இருந்தேன்டா. அந்த ஆறாயிரத்து ஐந்நூறு வந்தாப் போதும்னுதான் இருபத்தோராயிரம் கட்டினேன்.”

நடுநடுவே சில ‘ஈரங்கள்’ காட்டப்படும். அவர் பெயர் எழுதிய காசோலையின் படம், அதிகாரியின் அடையாள அட்டை, கார் நிற்கும் படம். இதற்கும் மசியாவிட்டால் குரல் மாறும்: பரிசை ஒப்புக்கொண்டுவிட்டு வரி கட்டாமல் இருந்தால் கேஸ் ஆகும், போலீஸ் வரும். ஆசையில் தொடங்கி, இழப்பு பயம் வழியாக, நேரடிப் பயத்துக்கு வந்து சேர்கிறது.

உண்மையான பரிசு எப்படிக் கைக்கு வரும்?

‘வரி கட்டித்தானே ஆகணும்?’ என்பது பெரியவர்கள் கேட்கும் நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதில் சொல்ல, நிஜமாகவே லாட்டரி நடக்கும் இடத்தைப் பார்க்கலாம்.

கேரள அரசு 1967 முதல் லாட்டரித் துறை வைத்திருக்கிறது. 2022 ஓணம் பம்பரில் முதல் பரிசு 25 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு அதே 25 கோடி நம் திருப்பூர்ப் பக்கத்து நால்வருக்கு விழுந்தது. எனவே ‘ஓணம் பம்பர் விழுந்திருக்கிறது’ என்று போன் வந்தால் அது நடக்கவே நடக்காத காரியம் என்று பெரியவர்களிடம் வாதாட முடியாது. ஆனால் அங்கே பரிசு பெறும் வழியைப் பாருங்கள். கையில் காகிதச் சீட்டு இருக்க வேண்டும். கேரள லாட்டரியைக் கடையில்தான் விற்கிறார்கள், ஆன்லைனில் விற்பதில்லை. வெற்றி எண் வெளியானதும் சீட்டு வைத்திருப்பவர்தான் அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். சீட்டு யார் சட்டைப்பையில் இருக்கிறது என்பது அரசுக்கே தெரியாது. அப்படியிருக்க அவர்கள் எப்படி உங்கள் அம்மாவுக்குப் போன் போடுவார்கள்?

இப்போது வரிக்கு வருவோம். அந்த 25 கோடியில் முதலில் முகவர் கமிஷன் 10 சதவீதம், அதாவது 2.5 கோடி போகும். மிச்சம் 22.5 கோடியில் 30 சதவீதம், 6.75 கோடி, வருமான வரியாகப் பிடிக்கப்படும். வென்றவர் கைக்கு 15.75 கோடி. இப்படிக் கொடுக்கும் முன்பே கொடுப்பவர் கழித்து அரசுக்குக் கட்டிவிடுவதைத்தான் டிடிஎஸ் என்கிறோம். சம்பளத்தில் பிடிப்பது போலத்தான். வென்றவர் பின்னால் கணக்குத் தாக்கல் செய்யும்போது கூடுதல் வரி வரலாம், அது அவருக்கும் வருமான வரித் துறைக்கும் இடையில் உள்ள விஷயம். பரிசு வரும் முன் யார் கணக்குக்கும் அவர் பணம் அனுப்புவதில்லை.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்வது நல்லது. பரிசு ரொக்கமாக இல்லாமல் காராக இருந்தால், காரிலிருந்து 30 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதல்லவா? எனவே, வரி கட்டப்பட்டதை உறுதிசெய்த பிறகே பொருளைக் கையில் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ‘காருக்கு வரியை முதலில் கட்டணும் சார்’ என்கிற பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு துளி உண்மை அது. விவரம் தெரிந்த பெரியவர்கள் சிக்குவதும் இந்தத் துளியில்தான். ஆனால் அந்த வரி அரசுக் கணக்குக்குப் போகும், உங்கள் பான் எண்ணில் பதிவாகும். யாரோ ஒருவருடைய யுபிஐ எண்ணுக்குப் போகாது. அதோடு, காருக்குப் பதில் ரொக்கம் என்றவன் அந்த ரொக்கத்திலேயே கழித்துக்கொள்ளலாமே!

ரிசர்வ் வங்கி பெயரைச் சொன்னால் ஒரே பதில்: அது தனி மனிதர்களுக்குக் கணக்கு வைப்பதும் இல்லை, பரிசுப் பணத்தை விடுவிக்கக் கட்டணம் வாங்குவதும் இல்லை. வெளிநாட்டு லாட்டரி என்றால் இன்னும் சுலபம். லாட்டரிச் சீட்டு வாங்க வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதையே அந்நியச் செலாவணி விதிகள் தடை செய்கின்றன.

சுருக்கமாக: வாங்காத சீட்டுக்குப் பரிசு விழாது. ரொக்கப் பரிசின் வரி பரிசிலேயே கழிக்கப்படும்.

ஏன் பெரியவர்களுக்குக் குறி?

பணம் இருக்கிறது என்பது ஒரு காரணம். ஓய்வூதியப் பலன், வைப்புத்தொகை என்று கையில் எடுக்கக்கூடிய நிலையில் இருக்கும். ஆனால் அதைவிடப் பழைய காரணம் ஒன்று எனக்குப் படுகிறது. இன்று எழுபதைத் தாண்டியவர்களுக்குப் பரிசுச் சீட்டு என்றால் அரசாங்கம். 1968இல் அண்ணா ஆட்சியில் தமிழ்நாடு பரிசுச் சீட்டு தொடங்கியபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று விளம்பரம் செய்தார்கள். இடையில் நின்று மறுபடி வந்து, 2003இல் லாட்டரி விற்பனை முற்றிலும் தடை செய்யப்பட்டது. தடை நினைவிருக்கும் அளவுக்கு, அந்தப் பழைய கௌரவமும் அவர்கள் மனத்தில் இருக்கிறது. முத்திரை குத்திய கடிதத்துக்கும் அப்படித்தான். பதிவுத் தபாலில் வந்த காகிதம் பொய் சொல்லும் என்று அவர்கள் பழகவே இல்லை.

தனிமையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரியப்பாவுக்குப் போன் செய்த பையன் ஒவ்வொரு முறையும் “சாப்பிட்டீங்களா சார், கால் வலி எப்படி இருக்கு?” என்று கேட்டானாம். அந்த மாதத்தில் நான் எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்னொரு கருவி ரகசியம். ‘பரிசு கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீங்க, வேறு யாராவது உரிமை கொண்டாடிடுவாங்க’ என்பார்கள். இந்த மோசடி முழுவதும், பக்கத்தில் இன்னொரு மனிதர் இருந்தால் ஐந்து நிமிடத்தில் உடைந்துவிடும். அதனால் அந்த இன்னொரு மனிதரை விலக்கி வைப்பது அவர்களுக்கு முக்கியம். நாம் சாப்பாட்டு மேசையில் ‘பேராசை பெருநஷ்டம்’ என்று சிரிக்கும்போது, அந்த வேலையை இலவசமாகச் செய்து கொடுக்கிறோம். ஏற்கெனவே ஒரு தவணை கட்டியவர் அதைக் கேட்டபின் வாய் திறப்பாரா?

பேச்சை எப்படித் தொடங்குவது?

‘நீங்க ஏமாந்துடாதீங்க’ என்று தொடங்கினால் கதவு சாத்திவிடும். ஆலோசனை கேட்பது நன்றாக வேலை செய்கிறது. “அப்பா, என் ஃப்ரெண்டோட அம்மாவுக்கு இப்படி ஒரு லெட்டர் வந்துச்சாம், முதல்ல பணம் கட்டச் சொல்றாங்களாம். நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டு, அவர்களைப் பேச விடுங்கள். பெரும்பாலும் ஓட்டையை அவர்களே கண்டுபிடிப்பார்கள். அவர்களே கண்டுபிடித்தது நாம் சொன்னதைவிட அதிக நாள் நினைவில் நிற்கும்.

ஏற்கெனவே நடுவழியில் இருக்கிறார் என்று தெரிந்தால் ‘எல்லாம் ஃபிராடு’ என்று கத்தாதீர்கள். போர்வெல்காரரை மறந்துவிடாதீர்கள்: ஃபிராடு என்று ஒப்புக்கொண்ட அந்த நொடியில்தான் போட்ட பணம் அத்தனையும் அதிகாரபூர்வமாக நஷ்டமாகிறது. மனசு அதை ஒப்புக்கொள்ளாது, உங்களோடு சண்டை போடும். அதற்குப் பதில் ஒரு சோதனையை அவர் கையிலேயே கொடுக்கலாம். பெரியப்பாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: “அடுத்த தடவை போன் வந்தா, கட்டணத்தைப் பரிசுலேயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்புங்கன்னு சொல்லுங்க.” ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னார். “அந்த ஆப்ஷன் சிஸ்டத்துல இல்ல சார்” என்றான் பையன். பன்னிரண்டு லட்சம் தருகிறவன் ஐம்பதாயிரத்தைக் கழித்துக்கொள்ள முடியாதா என்று தலைமை ஆசிரியர் குரலில் ஒரு கேள்வி போனது. மறுமுனையில் மரியாதை போய் வசை வந்தது. அதன்பின் நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்தச் சோதனை ஒரே ஒரு முறைக்குத்தான். பேச்சை வளர்த்தால் அவர்கள் கை ஓங்கும். கேட்டுவிட்டு எண்ணைத் தடை செய்துவிடுங்கள்.

போனிலும் வங்கியிலும்

பெற்றோரின் போனைப் பிடுங்கத் தேவையில்லை. பெரிய தொகை இருக்கும் கணக்கை யுபிஐயோடு இணைக்காமல் விட்டுவிட்டு, மாதச் செலவுக்கு மட்டும் ஒரு சிறு கணக்கை இணைத்துக் கொடுக்கலாம். யுபிஐயின் வழக்கமான உச்சவரம்பு நாளுக்கு ஒரு லட்சம். காய்கறிக் கடைக்கு அது எதற்கு? பல வங்கிகளில் அதைக் குறைத்துவைக்க வழி உண்டு. வாட்ஸ்அப்பில் தெரியாத எண்களின் அழைப்பை ஒலிக்காமல் வைக்கும் அமைப்பு இருக்கிறது. யார் குழுவில் சேர்க்கலாம் என்பதையும் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றிவிடலாம். இதையெல்லாம் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து, கேட்டுச் செய்யுங்கள். தெரியாமல் செய்தால் அதுவே ஒரு அவமானம்.

சொல்லிக் கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதில்லை. பின் கேட்கிறது என்றால் பணம் வெளியே போகிறது. ‘பரிசை அனுப்ப’ என்று திரையைப் பகிரும் செயலி ஒன்றை இறக்கச் சொன்னால், போனைத் தூக்கி அவன் கையில் கொடுத்த மாதிரி.

பணம் போய்விட்டால்

முதல் அழைப்பு 1930. சைபர் நிதி மோசடிகளுக்கான தேசிய உதவி எண் அது. அடுத்தது வங்கிக்கு. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எந்தக் கணக்குக்குப் போனது என்பவை கையில் இருக்கட்டும். கோபத்தில் வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள், கவரையும் கிழித்துப் போடாதீர்கள். எல்லாம் சாட்சி.

அவசரம் ஏன் என்றால், போன பணம் நேராக மோசடிக்காரன் கணக்குக்குப் போவதில்லை. கமிஷனுக்காகத் தன் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவரின் கணக்குக்குப் போகும். இதற்கு மியூல் கணக்கு என்று பெயர். அங்கிருந்து இன்னொன்று, அதிலிருந்து வேறொன்று, கடைசியில் ஏடிஎம். 1930இல் புகார் பதிவானதும் பணம் போன பாதையிலுள்ள வங்கிகளுக்குத் தகவல் போகும். எந்தக் கணக்கில் இன்னும் மிச்சம் இருக்கிறதோ அங்கே அது முடக்கப்படும். வாய்க்காலில் தண்ணீர் கடைமடைக்குப் போகும் முன் மடையை அடைப்பது போல. முடங்கிய தொகை பல நேரம் நீதிமன்ற உத்தரவு வழியாகத்தான் திரும்பும், அதற்கு நாளாகும்.

‘மூன்று நாளுக்குள் சொன்னால் வங்கியே முழுப் பணத்தையும் கொடுத்துவிடும்’ என்று பரவலாகச் சொல்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2017இல் கொண்டுவந்த அந்த விதி, நம் அனுமதி இல்லாமல், நம் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. நாமே பின் போட்டு அனுப்பிய பணம் அந்தக் கணக்கில் வராது. எனவே அதை நம்பித் தாமதிக்க வேண்டாம்.

சில வாரம் கழித்து வேறொரு குரல் வரும். வக்கீல் என்பார், சைபர் போலீஸ் என்பார். ‘நீங்கள் இழந்த பணத்தை மீட்டுவிட்டோம், விடுவிக்க ஒரு சின்னக் கட்டணம்.’ இது மீட்பு மோசடி. ஒருமுறை கட்டியவர் மறுமுறையும் கட்டுவார் என்று அவர் எண் கைமாறியிருக்கும். பெரியப்பாவுக்கு ஏழாவது வாரம் வந்தது. அன்று அவர் முதலில் என்னைக் கூப்பிட்டார்.

போன தீபாவளிக்கும் ஒரு கவர் வந்ததாம். சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார். “இந்தத் தடவை பதினாலு லட்சத்து எண்பதாயிரம்டா. விலைவாசி ஏறிப்போச்சு இல்ல?”